டிஸ்சார்ஜ் புக்கில் டிரேடு என்று ஒரு கட்டம்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் கடை வாசலில் போட்டிருக்கிற பெஞ்சு போதாது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று வருடம் முழுக்க ஓடுகிற சின்னக் கடைதான். ஆனால் நவம்பர், பென்ஷன்காரர்களின் மாதம். உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். ஆனாலும் அவர்களும் நவம்பரில்தான் வருகிறார்கள், பழைய கூட்டாளி யாரையாவது பார்க்கலாம் என்று. வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டாளத்துக்காரர்கள், இல்லையென்றால் அவர்களுடைய வீட்டம்மாக்கள். வள்ளியூர், திசையன்விளை, அம்பாசமுத்திரம், முக்கூடல் என்று பஸ் ஏறி வந்து, கேன்டீன் வேலை, ஆஸ்பத்திரி வேலையெல்லாம் முடித்த கையோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜீவன் பிரமாண் என்கிற ஆன்லைன் உயிர்ச் சான்று போடுவதற்கு, பட்டாளத்திலிருந்து வெளிவரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக் தேவையில்லை, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு நம்பரும் ஆதாரும் போதும். இருந்தாலும் எல்லோரும் அதை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். நானும் வாங்கிப் பார்ப்பேன். சேர்ந்த தேதி, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும். கூடவே டிரேடு என்று ஒரு கட்டம். என் கண் முதலில் அங்கேதான் போகும். குக். வாஷர்மேன். பார்பர். டிரைவர். நர்சிங் அசிஸ்டென்ட். பூட் ரிப்பேரர். கிளார்க். பெயின்டர். மெடல் கட்டத்தைப் பார்த்தால் 1965 போருக்கான சமர் சேவா ஸ்டார், 1971 போருக்கான சங்கிராம் மெடல், மேற்கு முனையில் இருந்திருந்தால் பஸ்சிமி ஸ்டார், கிழக்கில் இருந்திருந்தால் பூர்வி ஸ்டார். துப்பாக்கி பிடித்தவருக்கும் துணி வெளுத்தவருக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே மெடல்தான் எழுதியிருக்கிறது.

ஊரில்தான் அப்படி இல்லை. பட்டாளத்துக்காரர் என்றால் மீசையும் துப்பாக்கியும்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா 1965-லும் 1971-லும் போர்முனையில் இருந்தவர். அவருடைய டிரேடு குக். ஊரில் அவருக்குக் கடைசிவரை இருந்த பெயர், "பட்டாளத்துல சோறு பொங்கினவரு". ஒருமுறை ஊர் விழாவில் முன்னாள் படைவீரர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். அப்பா பெயரைக் கூப்பிடவில்லை. பட்டியல் போட்டவரிடம் என் அண்ணன் போய்க் கேட்டான். "சண்டை போட்டவங்களுக்கு மட்டுந்தாம்டே" என்று பதில் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா செய்த வேலை என்ன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1965 செப்டம்பரில் அவருடைய பட்டாலியன் பஞ்சாபில் கேம்கரண் பக்கம் இருந்தது. கரும்புக் காடும் தண்ணீர் பாய்ந்த வயலுமான இடம். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில்தான் சிக்கின. பகலில் அடுப்புப் புகை எழுந்தால் அந்தப் புகையைக் குறிவைத்துக் குண்டு விழும். அதனால் லங்கர், அதாவது பட்டாளத்துச் சமையல், முழுக்க ராத்திரி வேலை. தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வெளிச்சம் வெளியே கசியாமல் மண்ணெண்ணெய் பர்னரை எரிப்பார்கள். உள்ளே அந்த வெக்கையிலும் புகையிலும் நூறு பேருக்கு மேல் பூரி சுட வேண்டும். சப்பாத்தி ஏன் இல்லை என்று சின்ன வயதில் கேட்டேன். "சப்பாத்தி ஆறினா வரட்டி. பூரி ரெண்டு நாள் தாங்கும், பச்சைத் தண்ணியோடகூட உள்ள இறங்கும்" என்றார். அதோடு சர்க்கரைப் பாகில் போட்ட ஷக்கர்பாரா. பையில் கிடந்தால் எத்தனை நாளானாலும் கெடாது.

சுட்டதோடு வேலை முடிந்துவிடாது. பொழுது விடிவதற்குள் முன்வரிசைப் பங்கருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இவர்கள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். போகும்போது சாப்பாடும் தோட்டாப் பெட்டியும், வரும்போது அடிபட்டவர்களும். தலையில் டிக்ஸி என்கிற சாப்பாட்டுப் பாத்திரம், தோளில் பெட்டி, குனிந்த நடை. பக்கத்தில் நடந்த இன்னொரு குக் ஒரு ராத்திரி அப்படியே உட்கார்ந்தார். களைத்துப் போய் உட்கார்கிறார் என்று அப்பா நினைத்தாராம். கையைப் பிடித்துத் தூக்கியபோதுதான் தெரிந்திருக்கிறது. அவருடைய டிக்ஸியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அப்பா நடந்தார். முன்னால் பசியோடு ஆட்கள் இருக்கிறார்களே.

லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் அப்பா ஒரு பந்து கொட்டையெடுத்த புளியைத் துணியில் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்வார். அந்தச் செப்டம்பரில் ஒரு நாள் அரிசி நிறைய வந்தபோது, மதுரை, திருநெல்வேலிப் பையன்களுக்கென்று புளிச்சோறு கிளறியிருக்கிறார். நல்லெண்ணெய் கிடையாது, கடுகெண்ணெய்தான். "கடுகெண்ணெய்ப் புளிச்சோறு வாயில வைக்க முடியாது. ஆனா ஒரு பருக்கை மிஞ்சல" என்பார். அவர் வாயால் நான் கேட்ட ஒரே பெருமை அதுதான்.

அதே கேம்கரண் பக்கம் அசல் உத்தர் என்ற இடத்தில் 1965 செப்டம்பர் 10-ஆம் தேதி உயிரைக் கொடுத்து பரம்வீர் சக்ரா பெற்றவர் அப்துல் ஹமீது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு தையல்காரர் மகன். ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தவர். பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய பதவி என்ன தெரியுமா? கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். கம்பெனியின் ஸ்டோரையும் ரேஷனையும் பார்க்க வேண்டிய பதவி. பீரங்கி சுடுவதில் கெட்டிக்காரர் என்பதால் அன்றைக்கு அந்த ஜீப்பில் இருந்தார். அப்பா அவர் பெயரைச் சொல்லும்போது "எங்க ஸ்டோர்க்காரரு" என்றுதான் சொல்வார், வேறு ரெஜிமென்ட் என்றாலும்.

இப்போது என் கடைக்கு வருகிற ஒரு பெரியப்பாவைப் பற்றி. தாமிரபரணிக் கரையோர ஊர்க்காரர். டிரேடு வாஷர்மேன். ஒவ்வொரு நவம்பரும் அவருக்குக் கைரேகை விழாது. மெஷினில் கட்டைவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். ஈரத்துணியால் துடைத்து, உள்ளங்கையைச் சூடுபறக்கத் தேய்த்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். விரல் நுனி தொட்டால் வழுவழுவென்று இருக்கும், வரி என்று ஒன்றே இல்லை. "எம்மா, அது விழாது. பட்டாளத்துல பாதி ரேகை, ஊர்ல மீதி ரேகை. எல்லாம் சவுக்காரம் தின்னுட்டு" என்பார். இப்போது முகத்தைக் காட்டிப் பதிவு செய்கிற வசதி வந்துவிட்டதால் பரவாயில்லை. அதற்கு முன்னால் இந்த விரலை வைத்துக்கொண்டு ஒரு அலுவலகத்தில் அவரை அலையவிட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

1971 டிசம்பரில் அவருக்கு 23 வயது. மேற்கு எல்லையில் ஷக்கர்கட் முனையில் ஒரு காலாட்படை பட்டாலியனோடு இருந்திருக்கிறார். அந்த முனையில் பெரிய ஆபத்து கண்ணிவெடிதான், மைல் கணக்கில் புதைத்து வைத்திருந்தார்கள். சண்டை தொடங்கியதும் வாஷர்மேன், பார்பர், செருப்புத் தைக்கிற மோச்சி எல்லோரும் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போய்விட்டார்கள். முன்னால் சாப்பர்கள், அதாவது ராணுவப் பொறியியல் பிரிவு ஆட்கள், கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்து, ஒரு தடம் திறந்து, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிவைத்திருப்பார்கள். அந்த நாடாவுக்கு வெளியே கால் வைத்தால் முடிந்தது.

"நாலு பேரு தூக்க வேண்டியது எம்மா. தடம் ஒடுக்கமா இருந்துச்சு. அதனால முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். பனி வேற. பின்னால வாரவனுக்கு நாடா தெரியாது, முன்னால போறவன் காலைப் பார்த்தே வைக்கணும். படுத்திருக்கவன் வலியில புரண்டான்னா நாம சாயுவோம். அதனால அவன்ட்ட பேசிக்கிட்டே போவோம். ஊரு எது, எத்தனை பிள்ளை, என்ன பயிரு போட்டுருக்குன்னு."

அந்தத் தடத்தைத் திறந்தவர்களையும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780-ல் தொடங்கிய படை. தம்பி என்றால் இந்திய ராணுவம் முழுக்கத் தெரியும், அவர்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். பாலம் போடுவது, ரோடு போடுவது, வெடி வைப்பது, வெடி எடுப்பது எல்லாம் அவர்கள் கையில். முள்கம்பி வேலியைத் தகர்க்க உலகம் முழுக்கப் பயன்படுகிற பெங்களூர் டார்பிடோ என்ற வெடிக்குழாய் 1912-ல் இவர்களிடம்தான் உருவானது. நம் மாவட்டத்திலிருந்து அதில் போனவர்கள் ஏராளம். என் பெஞ்சில் உட்காருகிறவர்களில் கொத்தனார் வேலை தெரிந்த சாப்பர் ஒருவர் இருக்கிறார். எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் இதைத் தகர்க்க எவ்வளவு வெடிமருந்து வேண்டும் என்று கணக்குச் சொல்லுவார்.

வாஷர்மேன் பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், ஏன் இந்த டிரேடு எடுத்தீர்கள் என்று. "எடுக்கதுக்கு என்ன இருக்கு? ஆளெடுக்கிற இடத்துல அப்பா என்ன தொழிலுன்னு கேட்டாவ. சொன்னேன். எழுதிக்கிட்டாவ" என்றார். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பார்பரும் அப்படித்தான், மோச்சியும் அப்படித்தான். பிறந்த வீட்டுத் தொழில் பட்டாளத்துக்கும் கூடவே போனது. போரில் அடிபட்டவனைச் சுமந்து வந்தவர் ஊருக்குத் திரும்பியதும், பேரன் வயதுப் பையன்கூட "ஏல" என்று கூப்பிடுகிற தெருவில்தான் மறுபடி நடக்க வேண்டியிருந்தது. பட்டாளத்தில் அவருடைய கர்னல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார் என்பதை அவர் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. முதல் உலகப் போருக்காக இந்தியாவில் சேர்க்கப்பட்டவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதில் 5 லட்சத்து 60 ஆயிரம் பேர் அளவுக்குச் சண்டைப் பிரிவில் இல்லாதவர்கள்: சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், டோலி தூக்குபவர், கூலிப்படை. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் இந்த இனம் வீர இனம், அந்த இனம் இல்லை என்று பிரித்து, பஞ்சாப் பக்கமே ஆளெடுக்கத் தொடங்கினான். தெற்கத்திக்காரன் சண்டைக்கு ஆகமாட்டான் என்று சொல்லி மதராஸ் காலாட்படையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1920-களில் மிச்சம் மீதியையும் கலைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்ததும் அதே மதராஸியைத் தேடி ஆள் அனுப்பினான். அந்தப் போரில் இந்தியர்கள் 25 லட்சம் பேர் இருந்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான். சண்டைக்காரன் ஒரு வகை, மற்றவன் ஒரு வகை என்ற பிரிவு மட்டும் நம் ஊர் மேடையில் இருக்கிறது.

மேலப்பாளையத்து அண்ணாச்சி ஒருவர் டிரைவர். இவருடைய போர் கார்கில், 1999. தோலோலிங் மலை உச்சியில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான்காரனுக்கு ஸ்ரீநகர் லே ரோடு உள்ளங்கை மாதிரி தெரியும். பகலில் வண்டி போனால் பீரங்கி அடிப்பான். ஆகவே எல்லாக் கான்வாயும் ராத்திரியில், ஹெட்லைட் போடாமல். ராணுவ லாரிகளில் பின் அச்சின் நடு உருண்டைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து அதற்கு மேல் ஒரு குட்டி விளக்கு வைத்திருப்பார்கள். பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையைப் பார்த்தே ஓட்ட வேண்டும். "சில வளைவுல அதையும் அணைச்சிருவோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. கிளீனர் மாதிரி ஒரு பையன் இறங்கி வெள்ளைத் துண்டைப் பிடிச்சிக்கிட்டு முன்னால நடப்பான், நான் துண்டுக்குப் பின்னால போவேன். பின்னால என்ன லோடு? பீரங்கிக் குண்டு." அவருடைய உம்மா ஐந்து வேளையும் பள்ளிவாசல் பாங்கு கேட்டுப் பிள்ளைக்காகத் துஆ கேட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், இந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் தன்னைப் பார்த்து நாட்டுப்பற்று பற்றிப் பேசினார் என்பதை அவர் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் வந்தது.

அப்புறம் மேஜரம்மா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். 1986-ல் மாவட்டம் பிரிந்து அது தூத்துக்குடியோடு போய்விட்டாலும் எங்களுக்கு அதெல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் வட்டாரத்தில் நர்ஸ் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். மிஷன் ஆஸ்பத்திரிகள் அப்படி ஒரு வழியைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டன. மேஜரம்மா 1968-ல் ராணுவ நர்சிங் பிரிவில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். 1971 டிசம்பரில் பட்டான்கோட் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரியில் சர்ஜிக்கல் வார்டு. ஷக்கர்கட்டிலிருந்து வருகிற வண்டிகள் அங்கேதான் வரும். நம் வாஷர்மேன் பெரியப்பா தூக்கிக் கொடுத்தவர்களில் யாராவது ஒருவருக்கு இவர் கட்டுப் போட்டிருக்கலாம். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து எவ்வளவோ பேசிப் பார்த்தாயிற்று, ஒத்துப்போகிற ஒரு பெயர் கிடைக்கவில்லை.

மேஜரம்மா காயத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கடிதங்களைப் பற்றிப் பேசுவார். டியூட்டி முடிந்த பிறகு கட்டிலுக்குக் கட்டில் போய், கை எழும்பாதவர்களுக்காக இன்லாண்டு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தமிழ், மலையாளம் இரண்டும் எழுதத் தெரிந்ததால் தென்னாட்டுப் பையன்கள் எல்லோரும் இவர் பொறுப்பு.

"கண்ணிவெடியில முழங்காலுக்குக் கீழ போயிருக்கும். என்ன எழுதணும் தம்பின்னு கேப்பேன். 'காலில் லேசான காயம், கவலைப்பட வேண்டாம்னு எழுதுங்க சிஸ்டர்'ம்பான். எழுதுவேன். 'ரெண்டு மாசத்துல லீவுல வாரேன்னு எழுதுங்க'ம்பான். அதையும் எழுதுவேன். ஒருத்தன் மட்டும், 'அம்மாவுக்கு வேண்டாம், பெரிய அண்ணனுக்குத் தனியா ஒண்ணு எழுதுங்க, அவன்ட்ட நெசத்தைச் சொல்லிருங்க, அவன் பக்குவமா சொல்லிக்கிடுவான்'னான். அந்த ரெண்டு லெட்டரையும் ஒரே நாள்ல போடவேண்டாம், நாலு நாள் தள்ளிப் போடுங்கன்னு அதுக்கும் கணக்குப் போட்டான். இருபது வயசு."

அப்படிப்பட்டவர்களை அடுத்து புனேக்கு அனுப்புவார்கள். 1944-லிருந்து அங்கே ராணுவத்தின் செயற்கைக் கால், கை மையம் இருக்கிறது. காயம்பட்ட பாகிஸ்தான் கைதிகளும் அதே வார்டில் இருந்தார்கள். அவர்களுக்கும் இவர்தான் ஊசி போட்டார். அதைப் பற்றிக் கேட்டால், வேறென்ன செய்வார்கள் என்பதுபோல் என்னைப் பார்க்கிறார்.

டிஸ்சார்ஜ் புக்கே இல்லாதவர்களும் உண்டு. நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அடுத்த தெருவில் ஒரு தாத்தா இருந்தார். மலாயாவில் ரப்பர் பால் வெட்டப் போன குடும்பம். நேதாஜி படையில் இருந்து பர்மா வரைக்கும் போனவர். சிங்கப்பூரில் 1943-ல் நேதாஜி பேசிய கூட்டத்துக்குப் போனதையும், தோட்டத்துப் பெண்கள் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிப் போட்டதையும் சொல்வார். கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் அப்படிப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். மலாயாவிலேயே பிறந்தவர்கள். எந்த நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கினார்களோ அந்த நாட்டை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. தாத்தாவுக்குத் தியாகி பென்ஷன் கிடைக்கவில்லை. கூட இருந்ததற்குச் சாட்சி கொண்டுவா என்றார்கள். கூட இருந்தவர்கள் பர்மாவில் கிடக்கிறார்கள்.

அந்தப் பர்மாப் போரில் எதிர்ப்பக்கம் இருந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் நம் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். இரண்டு தரப்பையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், என்னால் முடிகிறது. ஒருவர் வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாமல் சேர்ந்தார், இன்னொருவர் கூட்டத்தில் ஒரு பேச்சைக் கேட்டுச் சேர்ந்தார். இரண்டு பேருடைய அம்மாவும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு இங்கே இருந்தார்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களைத் தேடலாம். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் நான் அதைத்தான் திறந்துவைத்திருக்கிறேன். திருநெல்வேலி என்று இன்றைய எழுத்தில் போட்டால் சிக்காது. வெள்ளைக்காரன் காலத்து டின்னவேலி என்ற எழுத்தைப் போட வேண்டும். பெயர், தகப்பன் பெயர் அல்லது மனைவி பெயர், கிராமம், மாவட்டம் எல்லாம் வரும். கிறிஸ்தவப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள், நம் சுடலை, இசக்கி, மாடன் பெயர்கள், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக. ரேங்க் என்ற இடத்தில் சிப்பாய், சாப்பர் என்று இருப்பதைப் போலவே, குக், ஸ்வீப்பர், வாட்டர் கேரியர் என்றும் இருக்கும். ரங்கூனுக்கு வெளியே தௌச்சான் என்ற இடத்தில் உள்ள நினைவுத் தூண்களில் கல்லறை இல்லாத கிட்டத்தட்ட 27 ஆயிரம் பேரின் பெயர் இருக்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24 ஆயிரத்துக்கும் மேல். பதவி, இனம், மதம் எதிலும் வித்தியாசம் காட்டக் கூடாது என்பது அந்த ஆணையத்தின் விதி. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் விஷயத்தில் அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை, பல ஆயிரம் பேர் பெயரில்லாமல் விடப்பட்டார்கள் என்று 2021-ல் அவர்களே அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டார்கள். நூறு வருடம் கழித்தாவது கேட்டார்கள்.

பெயர் என்றதும் ஆச்சிமார் ஞாபகம் வருகிறது. பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸில் இருக்கிற வடநாட்டுக் கிளார்க்குக்கு இசக்கியம்மாள் என்ற பெயர் எப்படிக் காதில் விழுந்திருக்கும்? ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு விதமாக இருக்கும். கணவர் இருக்கிறவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். அவர் போன மறுமாதம் குடும்ப ஓய்வூதியம் வராமல் நிற்கும்போதுதான் தெரியும், ஆதாரில் ஒரு பெயர், பார்ட் டூ ஆர்டர் என்கிற பட்டாளத்துப் பதிவில் ஒரு பெயர் என்று. 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் விலாசத்துக்கு வருடக்கணக்கில் கடிதம் எழுதி, மாமியாரையும் பிள்ளைகளையும் இரண்டு கோட்டை வயலையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர்கள், நான்தான் அவருடைய மனைவி என்று எழுபது வயதுக்கு மேல் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தால் இன்றைக்கே அந்தத் தாளை எடுத்து அம்மாவின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவர் இருக்கும்போது திருத்துவது லேசு.

போன டிசம்பர் 7, கொடி நாளுக்கு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேச ஒரு படைவீரர் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். வாஷர்மேன் பெரியப்பாவை அழைத்துப் போனேன். சட்டையில் இரண்டு மெடலைக் குத்தியிருந்தார். சட்டை மடிப்பு கலையாமல் ஆட்டோவில் சாயாமலே உட்கார்ந்து வந்தார். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டான். "ஒருத்தரையும் சுடல. ஆனா தூக்கிக்கிட்டு வந்திருக்கேன்" என்றார். எத்தனை பேரை என்று அடுத்த கேள்வி. "எண்ணல ராசா. எண்ணினா கை நடுங்கும்." அதற்கப்புறம் பிள்ளைகள் விடவில்லை. ஸ்ட்ரெச்சர் எவ்வளவு கனம், கண்ணிவெடி எப்படி இருக்கும், குளிருக்கு என்ன போடுவீர்கள், பனியில் துணி எப்படிக் காயும் என்று மணி அடிக்கிறவரை கேட்டார்கள். துணி காயாது, விறைத்துப் பலகையாக நிற்கும் என்று அவர் நடித்துக் காட்டியபோது எல்லாப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அடுத்த வருடம் மேஜரம்மாவைக் கூப்பிடலாமா என்று தலைமையாசிரியரே கேட்டிருக்கிறார்.

ஒரு நோட்டுப் போட்டு எழுதிவருகிறேன். பெயர், ஊர், டிரேடு, எந்தப் போர், எந்த முனை, அவர்கள் வாயால் சொன்ன ஒரு சம்பவம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி யாராவது இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். வீரக்கதை சொல்லுங்கள் என்று கேட்டால் ஒன்றும் வராது, எனக்கும் வந்ததில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், சம்பளம் எவ்வளவு, ஊருக்கு எப்படிப் பணம் அனுப்பினீர்கள், கூட இருந்தவர் யார் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். போனில் ரெக்கார்டு போட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் புக், பழைய போட்டோ, 56 ஏ.பி.ஓ. முத்திரை விழுந்த கடிதம் எது இருந்தாலும் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்து ஒரு பிரதியை உங்கள் போனுக்கும் அனுப்பிவிட்டு அசலைக் கையோடு கொடுத்துவிடுகிறேன், இதற்குக் காசு கிடையாது. தயவுசெய்து லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். பழைய தாள் அந்தச் சூட்டில் பழுத்துப்போகிறது, மை எழுத்து மங்கிவிடுகிறது, அப்புறம் பிரித்தும் எடுக்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூச்சி அரிக்காத இடத்தில் வைத்தால் போதும்.